உணரிகளைக் கொண்டு செய்த வேதியியல் சோதனைகள்: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் கருவிகளைத் தாமே செய்து பழகும் எங்கள் அடல் டிங்கரிங் ஆய்வகத்திலுள்ள ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையில், கரைசலின் அமில, காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் உணரியை இணைத்து, அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தரம்பார்த்த வகுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

அமிலம் முழுவதும் தீர்ந்த முடிவுநிலையை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டிகளுள் மெத்தில் ஆரஞ்சு இங்கே ஏன் உதவாது என்று கேட்டால், "வலிமை குறைந்த அமிலம், வலிமை மிகுந்த காரம், ஆகவே பினாப்தலீன் என்ற நிறங்காட்டி" என்று மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதன் காரணத்தை அன்று திரையிலேயே கண்டார்கள். 0.1 மோலார் அமிலம் 20 மி.லி. எடுத்து, அதே செறிவுள்ள காரத்தைப் பியூரெட்டிலிருந்து விட்டுக்கொண்டே வந்தபோது, 6 மி.லி. அளவிலேயே பிஎச் 4.4-ஐத் தொட்டுவிட்டது. மெத்தில் ஆரஞ்சு முழுக்க மஞ்சளாகிவிடும் இடம் அது. அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது தீர்ந்திருக்கவில்லை. 10 மி.லி.யில், 4.7-ஐ ஒட்டி, வரைகோடு ஏறக்குறையப் படுத்துக் கிடந்தது. 20 மி.லி.யை நெருங்கியதும் சில சொட்டுகளிலேயே 7-இலிருந்து 10-ஐத் தாண்டி நிமிர்ந்தது. பினாப்தலீன் நிறம் மாறும் 8.2 முதல் 10 வரையிலான எல்லை முழுவதும் அந்தச் செங்குத்தான பகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

பினாப்தலீன் காட்டும் இளஞ்சிவப்பைப் பிரித்தறிய இயலாமல் எப்போதும் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், அன்று தாமே பியூரெட்டின் திருகைப் பிடித்து முடிவுநிலையைக் கண்டறிந்தார். உணரி வாங்க இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியதில்லை.

பிஎச் உணரியின் கண்ணாடிக் குமிழைக் காயவிடவோ வாலைவடி நீரில் ஊறவிடவோ கூடாது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். வகுப்புக்கு முன்னர் பிஎச் 4, 7, 10 என நிலையாக இருக்கும் தாங்கல் கரைசல்களைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்துகொள்வது அவசியம்.

*

ஆசிரியருக்கு வணக்கம். நாங்கள் நடுநிலையாக்கல் வெப்பத்தை, அதாவது அமிலமும் காரமும் சேரும்போது வெளிப்படும் வெப்பத்தை, அளந்தோம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடும் 50 மி.லி. வீதம் தெர்மாகோல் குவளையில் கலந்தால், மோலுக்கு 57.3 கிலோஜூல் என்ற கணக்கின்படி வெப்பநிலை ஏறத்தாழ 6.8 டிகிரி உயர வேண்டும். எஃகு உறையிட்ட வெப்ப உணரி சற்றுத் தாமதமாகவே சூடேறுவதாலும், அதற்குள் குவளை வெப்பத்தை இழக்கத் தொடங்கிவிடுவதாலும், திரையில் தெரியும் உச்சம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே குளிரும் பகுதியின் கோட்டைக் கலந்த நொடி வரை அளவுகோலால் பின்னோக்கி நீட்டச் சொல்லி, அங்கே கிடைக்கும் வெப்பநிலையையே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். இந்த ஒரு வேலையை மட்டும் கணினியிடம் விடாமல் வரைபடத்தாளில் கையால் செய்ய வைக்கிறேன்.