புதுப்பிப்பு: ஜென்டூ நிறுவல் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்பதற்குக் காரணம்
முந்தைய இழையின் சிக்கல் இதுதான்: ஜென்டூ என்ற லினக்ஸை நிறுவும் ஸ்கிரிப்ட், ஸ்டேஜ்3-ஐ (அடிப்படை சிஸ்டத்தின் கோப்புத் தொகுப்பு) விரித்து, சிஎச்ரூட் (புதிய சிஸ்டத்துக்குள் நுழையும் கட்டளை) வரியைத் தொட்டதும் நின்றுவிடும். காரணம் பிடிபட்டது. அந்த வரி புதிய ஷெல்லைத் திறக்கிறது. அதை மூடும்வரை அடுத்த வரிகள் காத்திருந்து, பிறகு வெளியே, நிறுவலுக்காகத் தற்காலிகமாக ஓடும் லைவ் சிஸ்டத்திலேயே ஓடும். அங்கே க்ரப் (கணினியைத் தொடக்கும் பூட்லோடர்) நிறுவும் வரியும் இருந்தால் வம்புதான்!

உள்ளே நடக்க வேண்டியதைத் தனி ஸ்கிரிப்டாக்கிப் புதிய ரூட்டுக்குள் நகலெடுத்து, அதன் பாதையை சிஎச்ரூட் கட்டளைக்கே கொடுங்கள். தொகுப்புகளை நிறுவும் எமெர்ஜ் கட்டளையில் கேள்வி கேட்கும் ஆப்ஷனை நீக்குங்கள்; இல்லையென்றால் பதிலுக்காக ஸ்கிரிப்ட் அங்கேயும் நிற்கும்.

ஜிசிசி (கம்பைலர்) தொகுப்பின் கம்பைல் நடுவில் சாவது பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையால். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் சுமார் 2 ஜிபி தேவை. 8 ஜிபி கணினியில் 16 திரெட் இருந்தாலும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் மேக்ஆப்ட்ஸ் அமைப்பில் 4 போதும். 2023 டிசம்பர் முதல் அதிகாரப்பூர்வ பைனரி தொகுப்புகள் (ஏற்கெனவே கம்பைல் செய்தவை) கிடைப்பதால், பெரிய தொகுப்புகளை அங்கிருந்தே எடுக்கலாம்.