புதுப்பிப்பு: சரக்கு வண்டிக்கும் பயணிகள் வேனுக்கும் ஒரே ஜிபிஎஸ் கருவி போதுமா?

எங்கள் மினி லாரிகளுக்கும் வாடகைக்கு ஓடும் பயணிகள் வேன்களுக்கும் ஒரே வகை ஜிபிஎஸ் கருவி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன்; போதாது என்றே முடிவுசெய்துள்ளோம்.

வேன்களில் நமக்குத் தெரிவு அதிகமில்லை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் போக்குவரத்து வாகனங்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் இருப்பிடம் காட்டும் கருவியையும் அவசரப் பொத்தானையும் கோருவதால், ஏஐஎஸ் 140 (இத்தகைய கருவிகளுக்கான இந்தியத் தரநிலை) சான்று பெற்ற கருவியையே வாங்குகிறோம்.

மினி லாரிகளுக்குத்தான் நிறைய யோசித்தோம். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறுகளைக் கண்டறியக் கருவி செருகும் இடம்) செருகும் கருவியைப் பொருத்துவது எளிது, ஆனால் கழற்றுவதும் அதே அளவு எளிது. தன்னுள் இருக்கும் பேட்டரியில் மட்டும் இயங்கும் கருவி, சார்ஜைச் சேமிக்க இடைவெளிவிட்டே இருப்பிடத்தை அனுப்பும். சொந்த மின்சாரம் இல்லாத டிரெய்லருக்கு அது பொருந்தலாம். ஆகவே வண்டியின் வயரிங்கோடு இணைத்து, இக்னிஷன் வயரையும் (சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் வயர்) சேர்க்கும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடி டீசல் வீணாவதை அதில் தெளிவாகக் காண முடிகிறது.

வாங்குமுன் நெட்வொர்க்கையும் கேளுங்கள்: 2ஜி மட்டும் ஏற்கும் கருவியில் ஜியோ சிம் இயங்காது.