பள்ளியில் போடும் தடுப்பூசிக்கு மட்டும் விலக்குக் கேட்பது ஏன்?

கேள்வி (கோபிச்செட்டிபாளையம்):
பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி பள்ளியிலேயே போடப்படும் என்று என் மகனின் வகுப்புக்கு ஒப்புதல் படிவம் வந்தது. ஏழு பெற்றோர் விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து எல்லா ஊசியும் போட்டவர்கள்தாம் இவர்கள். இப்போது மட்டும் ஏன் மறுக்கிறார்கள்?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியை, பெருந்துறை):
மாரியம்மன் மீதுள்ள பயம் என்று சிலர் சொல்லக்கூடும், அது சரியன்று. மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டால் விரதம் இருக்கும் அமுச்சிமார், அதாவது பாட்டிமார்தாம் பேரனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் வருகிறவர்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள அனைவருக்கும், முன்பே போட்டிருந்தாலும் இன்னொரு தவணை உண்டு என்று அறிவித்தார்கள். "போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்று கேட்ட பெற்றோருக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, முதல் தவணையில் எதிர்ப்பாற்றல் உண்டாகாமல் போகும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை எங்களுக்கே எவரும் விளக்கியிருக்கவில்லை. நாங்கள் வாயடைத்து நின்ற அந்த இடத்தில் வாட்ஸ்அப் வதந்தி நுழைந்தது.

பதில் 2 (பொள்ளாச்சி):
நானும் விலக்குக் கேட்டவள்தான். ஆசிரியை அம்மா சொல்வது உண்மை, ஆனால் என் தயக்கம் வேறு. என் மகளுக்குச் சிறுவயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்திருக்கிறது. வரிசையில் நிற்க வைத்து ஊசி போடும்போது அவள் மயங்கி விழுந்தால் நான் பக்கத்தில் இருக்க மாட்டேனே என்பதுதான் பயம். பிறகு எங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் முன்னிலையிலேயே போட்டுக்கொண்டோம்.

பதில் 3 (காங்கேயம்):
எல்லோரையும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, சகோதரி. மரபு வாழ்வியல் என்ற பெயரில் ஊசியையே நஞ்சு என்கிறவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அமெரிக்காவில் இத்தகையவர்களுக்குச் சட்டமே வழிவிட்டிருந்தது. தட்டம்மை பரவிய பிறகு, 2015இல் கலிபோர்னியா சொந்த நம்பிக்கைக்கான விலக்கை நீக்கி, மருத்துவக் காரணத்தை மட்டும் விட்டுவைத்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த ஏழு பேரில் இருவரிடம் பேசினேன். இருவரும் கேட்டது ஒன்றுதான்: ஊசி போடும் நாளில் தாங்களும் வகுப்பறையில் இருக்கலாமா என்று. திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன்.