ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1986 லீக்: ஹோம் ரன் இருக்கிறது, ஸ்டீல் இருக்கிறது, வெற்றிதான் இல்லை. உதவுங்கள்

பகடைக்காரன் (கேள்வி)

வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால் லீக் ஆடுகிறோம். கம்ப்யூட்டர் கிடையாது, அட்டையும் பகடையும்தான். எல்லோரும் 1986 சீசன் அட்டைகளிலிருந்து (ஒவ்வொரு அட்டையும் அந்த வருஷம் அமெரிக்க மேஜர் லீகில் ஆடிய ஒரு நிஜ ஆட்டக்காரர்) ஏலம் போட்டு அணி எடுத்தோம். ஆரம்பித்துவைத்தது பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா. இந்த விளையாட்டு 1961இல் வந்தது, இவரும் ஏறக்குறைய அப்போதிலிருந்தே ஆடுகிறாராம். எனக்கு இது முதல் சீசன். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் பார்த்ததே நான் இங்கே வந்த பிறகுதான்.

மொத்தம் 56 ஆட்டம். 40 முடிந்துவிட்டது. வெற்றி 15, தோல்வி 25. எடுத்த ரன் 158, கொடுத்த ரன் 171. எட்டில் ஏழாவது இடம். எட்டாவது ஆள் பாதி நாள் வருவதே இல்லை.

என் பேட்டிங் ஆர்டர்:

1. வின்ஸ் கோல்மன் (107 ஸ்டீல், அதாவது பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது!)
2. சென்டர் ஃபீல்டர், வேகமானவர்
3. மூன்றாம் பேஸ்மேன், ஆன்-பேஸ் (அவுட் ஆகாமல் பேஸ் ஏறும் விகிதம்) .370
4. டேவ் கிங்மன், டி.எச்., ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் (35 ஹோம் ரன், 94 ஆர்.பி.ஐ., அதாவது அவர் அடியால் வந்த ரன்)
5. ராப் டீர் (33 ஹோம் ரன்)
6. கேட்சர்
7. கீத் ஹெர்னாண்டஸ் (13 ஹோம் ரன்தான்)
8. செகண்ட் பேஸ்மேன், ஃபீல்டிங் 3 (1தான் சிறந்தது)
9. ஷார்ட்ஸ்டாப், நன்றாக அடிப்பார், ஃபீல்டிங் 4

பெஞ்சில் டேரல் எவன்ஸ் இருக்கிறார். வயது 39, சராசரி (ஹிட் அடிக்கும் விகிதம்) .241, அதனால் உட்காரவைத்திருக்கிறேன்.

காகிதத்தில் பார்த்தால் இது பயங்கரமான அணி. மேசையில் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. ஆர்டரை எப்படி மாற்றலாம்? இல்லை, என் கைராசியே இப்படியா?

---

மஞ்சள் பென்சில்

கைராசிக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது, ஒரு அணியின் வெற்றி விகிதம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று சொல்லும்: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டலால் வகுக்க வேண்டும். 158க்கும் 171க்கும் போட்டால் .461 வருகிறது. 40 ஆட்டத்தில் அது 18 வெற்றி. உங்களுக்குக் கிடைத்தது 15. ஆக மூன்று ஆட்டம் பகடை தின்றது. அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தாலும் நீங்கள் பாதிக்குக் கீழேதான்.

---

நாலாவது பத்தி

தம்பி, நான் இதை முப்பது வருஷத்துக்கு மேலாக ஆடுகிறேன். உங்கள் அணியைப் பார்த்ததும் என் முதல் அணி ஞாபகம் வந்தது. நானும் ஹோம் ரன்னையும் ஸ்டீலையும் பார்த்துத்தான் எடுத்தேன்.

முதலில் கிங்மன். 35 ஹோம் ரன், உண்மை. அந்த வருஷம் அவர் சராசரி .210, ஆன்-பேஸ் .255. நான்கு முறை மட்டை பிடித்தால் மூன்று முறை அவுட். அந்த ஆளை நான்காவது இடத்தில் நிற்கவைத்து, ஆன்-பேஸ் .356 உள்ள எவன்ஸைப் பெஞ்சில் வைத்திருக்கிறீர்கள்! எவன்ஸ் அந்த ஆண்டு 29 ஹோம் ரன் அடித்தார், 91 வாக் (நான்கு மோசமான பந்தை அடிக்காமல் விட்டால் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார். கிங்மனுக்கு 33 வாக். சராசரியை மட்டும் பார்த்தால் .210க்கும் .241க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆன்-பேஸில் பாருங்கள், 100 தடவைக்கு 10 அவுட் வித்தியாசம். முழு சீசனில் 600 தடவை என்றால் 60 அவுட். ஒரு ஆட்டத்துக்கு 27 அவுட்தான் கையிருப்பு. ஒரே ஆளை மாற்றாததால் இரண்டு ஆட்டத்துக்கு மேலான அவுட்டைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

அந்த 94 ஆர்.பி.ஐ.யையும் நம்ப வேண்டாம். முன்னால் யார் பேஸில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அதே 1986இல் அமெரிக்கன் லீகில் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) அதிக ஆர்.பி.ஐ. ஜோ கார்ட்டருக்கு, 121. நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவர் ஆடிய கிளீவ்லண்ட்தான் அந்த வருஷம் மேஜர் லீகிலேயே அதிக ரன் எடுத்த அணி. வாய்ப்பு கொட்டிக் கிடந்தது. உங்கள் மேசைக்குக் கிங்மன் அட்டை மட்டும்தான் வருகிறது, அவருக்கு முன்னால் ஓக்லண்டில் நின்றவர்கள் வருவதில்லை.

---

பகடைக்காரன்

அண்ணா, ஒரு சந்தேகம். வாக் என்றால் கிரிக்கெட்டில் வைட் மாதிரி, பிட்சர் செய்த தப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதை எப்படி பேட்டரின் கணக்கில் சேர்ப்பது?

---

நாலாவது பத்தி

கிரிக்கெட்டிலிருந்து வரும் எல்லோரும் கேட்பதுதான். வைடோடு சேர்க்காதீர்கள். டெஸ்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையைத் தூக்கி விட்டுவிடுகிறார்களே, அதோடு சேருங்கள். அதே பிட்சர்களை எதிர்த்து ஆடித்தான் எவன்ஸ் 91 வாங்கினார், கிங்மன் 33. பிட்சரின் தப்பு மட்டும் என்றால் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இந்த விளையாட்டில் அது அட்டையிலேயே இருக்கிறது. எவன்ஸ் அட்டையை எடுத்து, 1, 2, 3 பத்திகளில் வாக் என்று எத்தனை வரி இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணுங்கள். அப்புறம் கிங்மன் அட்டையை எண்ணுங்கள்.

---

இரண்டாம் பேஸ் திருடன்

எல்லாம் சரி, கோல்மனை மட்டும் தொடாதீர்கள். 107 ஸ்டீல், பிடிபட்டது 14 தடவைதான். 88 சதவீதம்! 1985 செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் இப்படித்தானே ஆடினார்கள்? 314 ஸ்டீல், 101 வெற்றி, நேஷனல் லீகிலேயே அதிக ரன் அவர்களுக்குத்தான். வேகம் வேலைக்கு ஆகாது என்று யாரும் சொல்லாதீர்கள்.

---

நாலாவது பத்தி

1985ஐச் சொன்னீர்கள், அடுத்த வருஷத்தையும் சொல்லுங்களேன். அதே மேலாளர் வைட்டி ஹெர்சாக், அதே கோல்மன், அதே ஓட்டம். 1986இல் 262 ஸ்டீல், அப்போதும் லீகில் முதலிடம். ரன்னில் கடைசி இடம். 79 வெற்றி, 82 தோல்வி. கால் அப்படியேதான் இருந்தது, மட்டைதான் போனது. அணியின் சராசரி .264இலிருந்து .236க்கு இறங்கிவிட்டது. வில்லி மெக்கீ .353 அடித்தவர் .256க்கு வந்துவிட்டார். ஜாக் கிளார்க் காயம்பட்டுப் பாதி சீசனுக்கு மேல் ஆடவே இல்லை. ஆள் பேஸ் ஏறினால்தானே ஓட முடியும்?

கோல்மனுக்கு 1986இல் .232 சராசரி, .301 ஆன்-பேஸ். ஹோம் ரன் பூஜ்யம். பத்தில் ஏழு தடவை டக்அவுட்டுக்குத் திரும்பி நடக்கிறார். பேஸ்பாலில் பழைய பேச்சு ஒன்று உண்டு, முதல் பேஸைத் திருட முடியாது என்று.

88 சதவீதத்தை நான் குறை சொல்லவில்லை, அது அருமையான எண். ஸ்டீலில் கிடைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிபட்டால் போய்விடும். அதனால் பத்துக்கு ஏழுக்கு மேல் ஜெயித்தால்தான் முயற்சிக்கவே வேண்டும். கோல்மன் அதைத் தாண்டிவிட்டார். அவரை ஒன்பதாவது இடத்தில் போடுங்கள். ஏறும் நாளில் ஓடட்டும், பின்னாலேயே முதல் ஆள் வருவார்.

முதல் ஆளாக ஹெர்னாண்டஸ். ஆன்-பேஸ் .413, வாக் 94, அந்த வருஷம் நேஷனல் லீகிலேயே அதிகம். அவரைப் போய் ஏழாவதில் வைத்திருக்கிறீர்கள்! ஆர்டரில் ஒரு இடம் கீழே போனால் 162 ஆட்டத்தில் சுமார் 18 தடவை மட்டை பிடிக்கும் வாய்ப்பு போகும். முதலிடத்துக்கும் ஏழாமிடத்துக்கும் நடுவே நூற்றுக்கு மேல். அந்த நூறையும் உங்கள் அணியில் நன்றாக ஏறுபவரிடமிருந்து பிடுங்கி, ஏறத் தெரியாதவரிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

---

இரண்டாம் பேஸ் திருடன்

ஹெர்னாண்டஸ் மெதுவாக ஓடுவார். முதலிடத்தில் மெதுவான ஆளா? பார்க்கவே நன்றாக இருக்காது.

---

மஞ்சள் பென்சில்

பார்க்க நன்றாக இருக்க டிம் ரெய்ன்ஸ் வேண்டும். .334 சராசரி, .413 ஆன்-பேஸ், 70 ஸ்டீல், பிடிபட்டது 9. இரண்டும் ஒரே ஆளிடம். கிடைக்காதவரை மெதுவான ஹெர்னாண்டஸே போதும். பின்னால் ஒருவர் டபுள் அடித்தால் ஆமைகூட மூன்றாம் பேஸுக்குப் போய்விடும்.

இன்னொன்று. ஆர்டரை மாற்றுவதால் மட்டும் பெரிதாக எதுவும் வந்துவிடாது. அதே ஒன்பது பேரை எப்படி வரிசைப்படுத்தினாலும் முழு சீசனில் பத்துப் பதினைந்து ரன் வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான். அந்த ஒன்பதில் யார் என்பதுதான் பெரிய கேள்வி. எவன்ஸை உள்ளே கொண்டுவருவது ஆர்டரில் செய்யும் எந்த வித்தையையும் விடப் பெரியது.

---

எக்ஸ் அட்டவணை

ஃபீல்டிங்கை யாரும் தொடவே இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. நான் முதலில் பார்த்ததே அந்த 4 ரேட்டிங் ஷார்ட்ஸ்டாப்பைத்தான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு பகடை பத்தியைச் சொல்லும். 1, 2, 3 என்றால் பேட்டர் அட்டை. 4, 5, 6 என்றால் பிட்சர் அட்டை. மற்ற இரண்டு பகடையின் கூட்டல் எந்த வரி என்று சொல்லும். பிட்சர் அட்டையில் மொத்தம் 108 வாய்ப்பு. அதில் 30 வாய்ப்பு எக்ஸ், அதாவது ஃபீல்டரின் ரேட்டிங்கைப் பார்த்து அட்டவணைக்குப் போக வேண்டியவை. அந்த 30இல் ஷார்ட்ஸ்டாப்புக்கு 7, செகண்ட் பேஸ்மேனுக்கு 6. சென்டர் ஃபீல்ட், மூன்றாம் பேஸ், கேட்சர் ஆளுக்கு 3. மற்றவர்களுக்கு 2 தான்.

ஆட்டத்துக்குச் சுமார் 38 பேட்டர் வருகிறார்கள் என்று வையுங்கள். பாதி உருட்டல்தான் பிட்சர் அட்டைக்குப் போகும். அப்படிப் பார்த்தாலும் ஆட்டத்துக்கு ஒரு தடவைக்குக் குறையாமல் பந்து உங்கள் ஷார்ட்ஸ்டாப்பைத் தேடி வரும், இன்னொரு தடவை செகண்ட் பேஸ்மேனிடம் போகும். 1 ரேட்டிங் ஆள் அந்தப் பந்தை எடுத்து டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆக்குவார். 4 ரேட்டிங் ஆளிடம் அது சிங்கிளாகவோ எரராகவோ முடியும். அவுட் ஆகவேண்டியது ஆகாமல் பேஸில் ஒரு ஆள் வேறு நிற்பார். சிங்கிள் என்றால் ஸ்கோர்ஷீட்டில் அது பிட்சர் கொடுத்த ஹிட் என்று பதிவாகும், அதனால் நீங்கள் பிட்சரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஓசி ஸ்மித் போன்ற 1 ஆளை எவரும் விடமாட்டார்கள், அவருக்கு அந்த வருஷம் ஆன்-பேஸும் .376. ஆனால் மட்டை சுமாரான 1, 2 ரேட்டிங் ஷார்ட்ஸ்டாப்கள் ஏலத்தில் விலை போகாமல் மிச்சம் கிடப்பார்கள். போய்ப் பாருங்கள். அவுட்ஃபீல்டின் ஓரத்தில் மட்டை பார்த்து ஆள் போடலாம். நடுவில் கை பார்த்துப் போடுங்கள்.

---

பகடைக்காரன்

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை, வெட்கம்தான். அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

எடுக்காமல் மிச்சமிருந்த அட்டைகளில் ஃபீல்டிங் 1 உள்ள ஷார்ட்ஸ்டாப் ஒருவர் நிஜமாகவே கிடந்தார்! மட்டை ரொம்ப மோசம். எட்டாவதில் போட்டிருக்கிறேன்.

புது ஆர்டர்: ஹெர்னாண்டஸ், மூன்றாம் பேஸ்மேன், சென்டர் ஃபீல்டர், டீர், எவன்ஸ், கேட்சர், செகண்ட் பேஸ்மேன், ஷார்ட்ஸ்டாப், கோல்மன்.

இடக்கை பிட்சர் வந்தால் எவன்ஸை என்ன செய்வது? அவரும் இடக்கை ஆட்டக்காரர் ஆயிற்றே.

---

நாலாவது பத்தி

நீங்கள் அட்டையின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஆடுகிறீர்கள் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது. இடப் பாதி இடக்கை பிட்சருக்கு, வலப் பாதி வலக்கை பிட்சருக்கு. எவன்ஸின் இடப் பாதியையும் கிங்மனின் இடப் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிங்மன் தேறினால் அந்த ஆட்டங்களில் மட்டும் அவரை இறக்குங்கள், அதுவும் ஆறாவது ஏழாவது இடத்தில். அவர் வேண்டாத ஆள் இல்லை, தினமும் வேண்டாம், அவ்வளவுதான். டீர் நான்கில் இருப்பது பரவாயில்லை. .232 என்று பயப்படாதீர்கள். 179 ஸ்ட்ரைக்-அவுட் கண்ணை உறுத்தும், ஆனால் 72 வாக்கும் வாங்கியிருக்கிறார், ஆன்-பேஸ் .336. அவரும் கிங்மனும் ஒரே ரகம் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை.

---

பகடைக்காரன்

போன இரண்டு வாரக் கணக்கு. 8 ஆட்டம், 5 வெற்றி, 3 தோல்வி. எடுத்தது 37, கொடுத்தது 29. எட்டு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மஞ்சள் பென்சில் சொல்வார், தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள், ஒரு ரன் முன்னிலை. 6 விழுந்தது, கூட்டல் 7. ஷார்ட்ஸ்டாப் எக்ஸ். அட்டவணையைப் பார்க்க விரல் நடுங்கியது. டபுள் பிளே. தாத்தா ஒன்றும் பேசாமல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

அவர் செயின்ட் லூயிஸ்காரர், இப்போது கோல்மனைக் கேட்கிறார். பதிலுக்கு ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்சர்) ஒருவரைத் தருகிறாராம். கொடுக்கலாமா?

---

எக்ஸ் அட்டவணை

ரிலீஃப் பிட்சர் வேண்டாம். உங்கள் செகண்ட் பேஸில் இன்னும் 3 நிற்கிறார்.

---

மஞ்சள் பென்சில்

முதலில் ரெய்ன்ஸ் அவரிடம் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் கேளுங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செகண்ட் பேஸ்மேனைக் கேளுங்கள்.

---

பகடைக்காரன்

ரெய்ன்ஸ் அவரிடம்தான் இருந்தார். கேட்டேன், சிரித்தார். ஃபீல்டிங் 2 உள்ள செகண்ட் பேஸ்மேன் கிடைத்துவிட்டார், கோல்மன் போய்விட்டார். லெஃப்ட் ஃபீல்டில் இப்போது ஆள் இல்லை. எவன்ஸை அங்கே போட முடியாது, இல்லையா?

---

நாலாவது பத்தி

39 வயது ஆளை அங்கே ஓடவிடாதீர்கள் தம்பி. பெஞ்சில் இருக்கும் மற்ற அவுட்ஃபீல்டர்களின் பெயரையும் ஆன்-பேஸையும் போடுங்கள், பார்க்கலாம்.