தொப்புள் கொடி விழும் முன்னே வசம்பு தடவலாமா?

தேனி அம்மா:
முதல் குழந்தை, பெண். அம்மா வீட்டில் இருக்கிறேன். கொடி கறுத்துச் சுருங்கிவிட்டது, இன்னும் விழவில்லை, அடியில் லேசாக ஈரம். ஆஸ்பத்திரியில் ஒன்றும் தடவக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மாச்சி கேட்கவில்லை. பேர் சொல்லாததை, அதாவது வசம்பை, விளக்கில் சுட்டு, விளக்கெண்ணெயில் உரசி வைத்தால் சீக்கிரம் விழுந்துவிடுமாம். விழுந்ததை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டணும், பின்னாடி பெரிய நோய் வந்தால் உரசித் தாய்ப்பாலில் கொடுக்கணும், தொப்புள் புடைக்காமல் இருக்கக் காசு வைத்துக் கட்டணும் என்கிறார். அவர் மனசு நோகாமல் எதை ஏற்கலாம், எதை விடலாம்?

செவிலியர் அக்கா:
கொடி விழும்வரை அங்கே எதையும் வைக்காதீர்கள்மா. உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கின்றன. அவை முழுதாக மூட நாளாகும், அதுவரை கிருமி புகுந்தால் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும், சாணமும் அடுப்புச் சாம்பலும் வைத்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் பால் குடிக்க வாய் திறக்க முடியாமல், உடம்பு விறைத்துப் போயிருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. தாய்சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015ல்தான் அறிவித்தார்கள். டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள், காற்றுப் படட்டும். அழுக்குப் பட்டால் சுத்தமான தண்ணீரில் துடைத்து ஈரம் ஒற்றுங்கள். பிய்த்து எடுக்காதீர்கள்.

கரூர்க்காரர்:
எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் வசம்புதான், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

செவிலியர் அக்கா:
நல்லபடியாக வளர்ந்த பிள்ளைகள் கண் முன்னே இருக்கிறார்கள் அண்ணா, அந்தக் காலத்தில் பத்து நாளில் போன பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நேபாளத்தில் கொடியில் எண்ணெய், மஞ்சள் வைக்கும் பழக்கத்தை விடவைக்க அரசே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் களிம்பு கொடுத்தது. ஏதாவது வைத்தால்தான் பெரியவர்களுக்கு மனசு ஆறும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு அதுவும் வேண்டியதில்லை.

இரண்டு பிள்ளை அம்மா:
தாயத்து, காசு பற்றி நான் சொல்கிறேன். தாயத்துக்குள் ஸ்டெம் செல் (மற்ற உயிரணுக்களை உருவாக்கும் மூல உயிரணு) இருக்கிறது, முன்னோர் அறிவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உண்மையில்லை. ஸ்டெம் செல்லைப் பிறந்த உடனே கொடி ரத்தத்திலிருந்து எடுத்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். காய்ந்து உதிர்ந்ததில் உயிரணு எதுவும் மிஞ்சாது. நன்றாகக் காய்ந்ததும் ஞாபகத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மாச்சிக்கும் சந்தோஷம். ஆனால் உரசிக் கொடுக்கவே கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம். காசும் வேண்டாம். தொப்புள் புடைப்பது உள்ளே தசை இன்னும் சேராததால்தான், பெரும்பாலும் சில வருஷத்தில் தானாக உள்ளே போய்விடும். இறுக்கிக் கட்டினால் தோல்தான் புண்ணாகும்.

தேனி அம்மா:
அடியில் ஈரம் இருக்கிறதே, அது பரவாயில்லையா அக்கா? வாடை இல்லை.

செவிலியர் அக்கா:
விழும் நேரத்தில் லேசான ஈரமும் துளி ரத்தமும் இருக்கும், பயப்படாதீர்கள். சுற்றித் தோல் சிவந்தாலோ, சீழ், நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூன்று வாரம் தாண்டியும் விழவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள்.