படம் நல்லா வரையுறாங்க, கதையா சொல்லச் சொன்னா நின்னுடுறாங்க – என்ன செய்யலாம்?

மாலைவகுப்பு_தண்டையார்பேட்டை:

வணக்கம். தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பு நடத்துறோம். 14 பிள்ளைகள், 7 முதல் 10 வயசு வரைக்கும். ஒரே அறை, ஒரு மணி நேரம். கதை சொல்ற பழக்கம் வரட்டும்னு படம் வரையறது, பட அட்டை, குச்சி பொம்மை எல்லாம் சேர்த்திருக்கோம். ஆனா படத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லச் சொன்னா, "இது படகு, இது மீன், இது அம்மா, இது சூரியன்"னு பட்டியல்தான் வருது. கொஞ்சம் நல்லா பேசுற பிள்ளைகளும் "அப்புறம்... அப்புறம்..."லயே ஓட்டுறாங்க. பாதி நேரம் கலர் அடிக்கறதுலயே போயிடுது. சில பிள்ளைகள் வீட்டில தெலுங்கு, சிலர் உருது.

படத்தை விட்டுட்டு வாயாலேயே சொல்ல வைக்கணுமா, இல்ல படத்தைப் பயன்படுத்தற முறையை மாத்தணுமா? பெரிய செலவு இல்லாம செய்யற மாதிரி சொல்லுங்க.

---

கரும்பலகை_கொருக்குப்பேட்டை:

படத்தை விட வேண்டாம். கேட்கிறவர் கண்ணுக்குப் படத்தை மறைங்க, அது போதும்.

சொல்றவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே படம் தெரியும்போது பிள்ளை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. விரலை வச்சு "இது, இங்க, இவன்"னா வேலை முடிஞ்சுது. அதனாலதான் பட்டியல் வருது. ரெண்டு பேரை எதிரெதிரா உட்கார வச்சு, நடுவில ஒரு பரீட்சை அட்டையை நிறுத்துங்க. ஒருத்தர் தன் படத்தைப் பார்த்துச் சொல்லணும். எதிரில இருக்கிறவர் காதால கேட்டதை மட்டும் வெள்ளைத் தாளில் வரையணும். முடிஞ்சதும் ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சா, எதைச் சொல்லாம விட்டோம்னு பிள்ளைக்கே தெரியும். டீச்சர் திருத்த வேண்டியதில்ல.

ரெண்டாவது, ஒரே பெரிய படம் கொடுக்காதீங்க. கடற்கரை, சந்தை, திருவிழான்னு ஒரு காட்சியை வரையச் சொன்னா அதில பொருள் நிறைய இருக்கும், எதுவும் மாறாது. மாறாத இடத்துல கதை எப்படி வரும்? ஏ4 தாளைப் படுக்க வச்சு மூணா மடிங்க. முதல் கட்டத்துல எப்பவும் போல இருக்கிற நிலை, நடுக் கட்டத்துல கெட்டது, மூணாவதுல எப்படிச் சரியாச்சு.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடுக் கட்டத்தை யோசிக்கச் சொல்லித் தர வேண்டாம். பால் வாங்கப் போறப்போ ரயில்வே கேட் போட்டுட்டாங்க. தண்ணி லாரி வந்துடுச்சு, குடத்துல ஓட்டை. மீன்பிடித் தடைக்காலம், அப்பா கடலுக்குப் போகல (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாவே தெரியும்). இப்படி ஒரு தடையைக் கொடுத்தா கதை தானா நகரும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா"ன்னு ஆரம்பிச்சா பாதியில நிக்கறது அதிகம். ராஜா என்ன செய்வார்னு பிள்ளைக்குத் தெரியாது, கேட் போட்டா பையன் என்ன செய்வான்னு தெரியும்.

மூணு கட்டமும் தடுமாறாம வந்த பிறகு ஆறுக்குப் போங்க. முதல்லயே ஆறு கொடுத்தா நாலாவதுலருந்து இடத்தை நிரப்பத்தான் வரைவாங்க.

"அப்புறம்" பிரச்சினைக்கு ஒரு வழி: கட்டங்களைத் தனித்தனியா வெட்டி, ஒவ்வொன்னுக்கும் நடுவுல நாலு விரல் அகலம் இடம் விட்டுத் தரையில வைங்க. அந்த இடைவெளியில ஒரு சின்னச் சீட்டு. "ஆனா", "அதனால", "ஏன்னா", "அதுக்குள்ள", இந்த நாலு போதும். எந்தச் சீட்டு பொருந்தும்னு பிள்ளை தேடி வைக்கணும், வச்ச சொல்லை வாயால சொல்லிட்டுத்தான் அடுத்த படத்துக்குத் தாண்டணும். "அப்புறம்" சீட்டே போடாதீங்க. கவனிக்க வேண்டியது: "ஆனா"வையும் "அதனால"வையும் மாத்தி வைப்பாங்க. தப்புன்னு சொல்லாம, வச்சபடியே சத்தமா படிக்கச் சொல்லுங்க. "கேட் போட்டுட்டாங்க, அதனால பால் வாங்கிட்டு வந்தான்"னு காதுல விழுந்ததும் பாதிப் பிள்ளைகள் தானே எடுத்து மாத்திடுவாங்க.

கலர் நேரம்: கட்டத்துக்கு ரெண்டு நிமிஷம், பென்சில் மட்டும், குச்சி மனுஷன். ஒரே ஒரு கிரேயான் கொடுக்கலாம், கதையோட முக்கிய ஆளுக்கு மட்டும். எல்லாக் கட்டத்துலயும் அவன் சட்டை சிவப்பா இருக்கணும். இது அழகுக்கு இல்ல. பிள்ளைகள் ஒரே ஆளை ஒவ்வொரு கட்டத்துலயும் வேற வேற மாதிரி வரைஞ்சுடுவாங்க, சொல்லும்போது "இன்னொரு பையன் வந்தான்"னு கதை புரண்டுடும். மத்தக் கலரெல்லாம் கதையைச் சொல்லி முடிச்ச பிறகு, வீட்டில.

---

பேச்சுப்பயிற்சி_ராயபுரம்:

மேலே சொன்ன மறைக்கற முறை ரொம்ப சரி. பேச்சுப் பயிற்சியிலயும் அதுதான் செய்றோம். நான் கேள்வி கேட்கிற முறையைப் பத்தி மட்டும் சேர்க்கிறேன். அங்கதான் அதிகம் கெடுது.

"இது என்ன கலர்?", "எத்தனை மீன் இருக்கு?"ன்னு கேட்டா பிள்ளை ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டு நிறுத்திடும், கதை அறுந்துடும். கேட்கலாம்னா மூணே கேள்விதான்: "என்ன ஆச்சு?", "அப்போ அவ மனசுல என்ன நினைச்சா?", "அதுக்கு என்ன செஞ்சா?" கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. நாம அமைதி தாங்காம பதிலையும் சேர்த்துக் கொடுக்கிறோம், பிள்ளை தலையை மட்டும் ஆட்டுது.

இந்த மூணு கேள்வி எங்கருந்து வருதுன்னா, 1979ல ஸ்டெயின், கிளென்னு ரெண்டு ஆய்வாளர்கள் கதையோட உறுப்புகளைப் பிரிச்சு வச்சாங்க: இடமும் ஆளும், தொடங்கி வைக்கிற சம்பவம், மனசுல எழுந்தது, எடுத்த முயற்சி, விளைவு, அதுக்கு அப்புறம் எப்படி இருந்தாங்க. படத்துல சம்பவம் தெரியும், முயற்சி தெரியும், விளைவும் தெரியும். மனசுல எழுந்தது தெரியாது. அதனால பட அட்டை வச்சுப் பழகின பிள்ளைகள் அந்த ஒன்னைத் தவறாம விடுவாங்க. பரிகாரம் சுலபம்: நடுக் கட்டத்துல ஆளோட தலைக்கு மேல ஒரு மேகக் குமிழ் வரையச் சொல்லுங்க. உள்ள எழுத்து வேண்டாம், சின்னப் படம் போதும், திட்டுற அம்மா முகம், காலிப் பாத்திரம். சொல்லும்போது அந்தக் குமிழைத் தொட்டுட்டு "ஐயோ, அம்மா திட்டுவாங்களேன்னு நினைச்சான்"னு வரணும். "-ன்னு நினைச்சான்", "-ன்னு பயந்தா" இந்த வாக்கிய அமைப்பு வாயில படிஞ்சா கதையோட தரமே மாறிடும்.

இன்னொன்னு, தமிழ்ல வர்ற சிக்கல். நாம எழுவாயை விட்டுட்டுப் பேசுவோம், வினை முடிவே ஆளைக் காட்டிடும். ஓடினான், ஓடினா, ஓடுச்சு. அதனால முதல் கதைகள்ல ஒரு பையன், ஒரு பொண்ணு, ஒரு நாய்னு வைங்க. பேர் சொல்லாமலே கேட்கிறவருக்குப் புரியும், பிள்ளைக்கும் தைரியம் வரும். அடுத்த கட்டத்துல வேணும்னே ரெண்டு பையன் கதை கொடுங்க. "அவன் அவனை அடிச்சான், அவன் அழுதான்"னு வரும்போது எதிர்ல இருக்கிற பிள்ளையே "எவன்டா?"ன்னு கேட்கும். பேர் வைக்கிற பழக்கம் அந்த இடத்துலதான் பிறக்குது.

தெலுங்கு, உருது பேசற பிள்ளைகள் முதல் தடவை வீட்டு மொழியிலயே முழுசா சொல்லட்டும். உங்களுக்குப் புரியலைன்னாலும் பரவாயில்ல, அதே மொழி தெரிஞ்ச பிள்ளையைக் கேட்க வைங்க. கோர்வை ஒரு மொழியில அமைஞ்சா அடுத்த மொழிக்குத் தானா வரும். அதே படத்தை வச்சு அடுத்த நாள் தமிழ்ல. தமிழ்லயும் "போயிக்கினு இருந்தான்"னா அப்படியே விடுங்க. கதை நடுவுல நிறுத்தி "சென்றுகொண்டிருந்தான்னு சொல்லு"ன்னா அந்தப் பிள்ளை அடுத்த வாரம் கையே தூக்காது.

7 வயசுக்கு மேலயும் மூணு படத்தை வரிசையா அடுக்கவே திணறினா, திரும்பத் திரும்ப "ஆங்?"னு கேட்டா, காதுல சீழ் வந்தா, பயிற்சியைக் கூட்டாதீங்க. முதல்ல காதைப் பரிசோதிக்கணும். ஸ்டான்லி மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அம்மாவோட அனுப்புங்க.

---

அட்டைப்பெட்டி_பெரம்பூர்:

செலவு இல்லாத கருவி ரெண்டு சொல்றேன்.

காகித மேடை. ஜப்பான்ல 1930கள்ல தெருத்தெருவா சைக்கிள்ல கொண்டுபோய், பெட்டிக்குள்ள பட அட்டைகளை ஒன்னொன்னா மாத்திக் காட்டிக் கதை சொன்னாங்களே, கமிஷிபாய், அதேதான். ஒரு முழு சார்ட் (56 × 71 செ.மீ.) எடுத்து நாலா வெட்டினா 28 × 35.5 செ.மீ. அட்டை நாலு கிடைக்கும். ஆறு படக் கதைக்கு ரெண்டு சார்ட் போதும். மளிகைக் கடை அட்டைப்பெட்டியில முன்பக்கம் 25 × 32.5 அளவுக்கு ஜன்னல் வெட்டுங்க, சுத்திலும் 1.5 செ.மீ. விளிம்பு அட்டையைத் தாங்கும். பெட்டியோட ஒரு பக்கத்துல 2 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரத்துக்கு மேலிருந்து கீழா ஒரு பிளவு, அட்டையை உருவ. பின்பக்கம் முழுசா திறந்திருக்கணும்.

எல்லாரும் தடுமாறுற இடம் பின்பக்கக் குறிப்பு. முதல் படத்துக்கான குறிப்பு கடைசி அட்டையோட முதுகுல இருக்கணும். ரெண்டாவது படத்தோடது முதல் அட்டை முதுகுல, மூணாவதோடது ரெண்டாவது முதுகுல. முன்னாடி இருக்கிற அட்டையை உருவிக் கடைசியில சொருகும்போது, சொல்றவர் கண்ணுக்குச் சரியான குறிப்பு தெரியணும்னுதான் இந்த ஏற்பாடு. அந்தந்தப் படத்துக்குப் பின்னாலயே எழுதிட்டா கதை முழுக்க ஒரு அட்டை தப்பா ஓடும்.

குறிப்புல வாக்கியம் எழுதாதீங்க. எழுதினா வாசிப்பாங்க, சொல்ல மாட்டாங்க. உள்ளங்கை அளவுக்கு அதே படத்தோட கிறுக்கல் ஒன்னு, மேலே சொன்ன "ஆனா / அதனால" ஒரு சொல். அவ்வளவுதான்.

ஒரு நுணுக்கம்: தடை வர்ற அட்டையைப் பாதி மட்டும் உருவி நிறுத்தச் சொல்லிக் கொடுங்க. அடுத்த படத்தோட ஓரம் தெரியும், கூட்டம் அடங்கும், பிள்ளைக்கு அடுத்த வரியை யோசிக்க மூச்சு கிடைக்கும். நம்ம கடற்காத்து ஈரத்துல சார்ட் சுருண்டு பிளவுல மாட்டும். முதுகுல பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒட்டி, ராத்திரி பூரா புத்தகத்துக்கு அடியில வச்சிடுங்க. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடைகள்ல கனமான அட்டையே கேட்டு வாங்கலாம்.

நிழல் திரை. அதே பெட்டியில ஜன்னலுக்குப் பட்டர் பேப்பர் ஒட்டுங்க. பின்னாடி மூணு அடி தள்ளி ஒரு செல்போன் டார்ச். அறை விளக்கை அணைக்கணும். டியூப் லைட்டைப் பின்னாடி வச்சா நிழல் மங்கிக் கலைஞ்சுடும், ஒரு புள்ளியிலருந்து வர்ற வெளிச்சம்தான் கூர்மையா விழும். பொம்மையைக் கறுப்புச் சார்ட்ல பக்கவாட்டு முகமா வெட்டணும். நேர் முகமா வெட்டினா வெறும் உருண்டைதான் தெரியும். ரெண்டு விளக்குமாத்துக் குச்சி, ஒன்னு முதுகுக்கு, ஒன்னு கைக்கு. பொம்மை திரையைத் தொட்டுக்கிட்டே இருக்கணும், தள்ளிப் பிடிச்சா உருவம் பெருசாகி ஓரம் கலங்கும்.

இதோட பலன் பேச்சு வாக்கியத்துல தெரியும். தோல்பாவைக்கூத்துல ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் மாத்திப் பேசுவார். அது போல ஒரு பிள்ளையே ரெண்டு பொம்மையும் பிடிக்கட்டும். ஆளுக்கு ஒரு பொம்மை கொடுத்தா ரெண்டும் முட்டிக்கிட்டுச் சண்டை போடும், கதை இருக்காது.

வரையவே பிடிக்காத பிள்ளைகளுக்குக் களிமண் கொடுங்க. கொசப்பேட்டையில பொம்மை செய்றவங்க கிட்ட ரெண்டு கிலோ கேளுங்க. ஈரத்துணியில சுத்தி பிளாஸ்டிக் பையில வச்சா வாரக்கணக்கில வரும். ஆளை ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தும்போதே வாய் தானா பேசும், தாள்ல அது நடக்காது.

---

மாலைவகுப்பு_தண்டையார்பேட்டை:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். ஒரு பையன் எல்லார் கதையையும் அவனே சொல்லிடறான், ரெண்டு பொண்ணுங்க வாயே திறக்கறதில்ல. அப்புறம், முன்னேற்றம் இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

---

பேச்சுப்பயிற்சி_ராயபுரம்:

அந்தப் பையனை மறைப்பு அட்டைக்கு அந்தப் பக்கம், கேட்டு வரையற இடத்துல உட்கார வைங்க. வரையணும்னா கேட்டே ஆகணும், கேள்வி கேட்க மட்டும் அனுமதி. பேசாத பொண்ணுங்களுக்கு முதல் ரெண்டு வாரம் நிழல் திரைக்குப் பின்னாடி சத்தம் மட்டும், ரயில் கூவல், நாய் குரைப்பு, கேட் மணி. அடுத்து ஒரே ஒரு வசனம். முகம் தெரியாத இடத்துலதான் இவங்க குரல் வெளிய வரும். முன்னாடி நிறுத்தி "சொல்லும்மா, சொல்லும்மா"ன்னா இன்னும் பூட்டிக்குவாங்க.

முன்னேற்றத்துக்கு, மாசத்துல ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் சொல்றதை போன்ல குரல் மட்டும் பதிவு பண்ணுங்க. முதல்ல வீட்டில சொல்லிச் சம்மதம் வாங்கிக்குங்க, பதிவை எந்த குரூப்லயும் போடாதீங்க. அந்த ஆறு உறுப்புல எது வந்துச்சு, எது வரலைன்னு டிக் போடுங்க. "அப்புறம்" தவிர வேற இணைப்புச் சொல் எத்தனைன்னு எண்ணுங்க. நீளத்தைப் பார்க்காதீங்க, நீளமா சொல்ற பிள்ளை பட்டியலைத்தான் நீட்டுது பல நேரம்.

---

கரும்பலகை_கொருக்குப்பேட்டை:

ஒன்னு விட்டுப்போச்சு. படத்தை எடுத்துடற நாளும் வேணும். ஒரே கதையை முதல் நாள் ஆறு படத்தோட, அடுத்த தடவை ஒன்னு விட்டு ஒன்னா மூணு படத்தைக் கவுத்து வச்சு, அதுக்கு அடுத்து எல்லாத்தையும் கவுத்து வச்சு, தரையில இடத்தை மட்டும் காட்டிச் சொல்ல வைங்க. கவுத்த அட்டையில விரல் வச்சுட்டுச் சரியா சொன்னா அந்தக் கதை பிள்ளைக்குச் சொந்தமாயிடுச்சு. நடுவுல சிக்கினா நீங்க சொல்லித் தராதீங்க, அந்த ஒரு அட்டையை மட்டும் பிள்ளையே திருப்பிப் பார்த்துக்கட்டும்.