பறவைக்கு என்று விதைத்த துண்டு நிலம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கொரங்காட்டான் (காங்கேயம் பக்கம்)

ரொம்ப நாளாக மனதில் கிடந்து அரிக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். எங்கள் கொரங்காட்டின் (கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு) தெற்கு மூலையில் ஐந்து சென்ட் ஒதுக்கி, புரட்டாசி மழைக்குக் கம்பு, தினை, கொள்ளு, தட்டைப்பயறு, கொஞ்சம் எள் எல்லாம் கலந்து விசிறியிருந்தேன். எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறுக்கவில்லை, கதிரோடு நிற்கவிட்டேன். மார்கழிக்குள் கௌதாரி சேர்ந்துவிட்டது.

ஒருநாள் விடியற்காலையில் கத்தல் கேட்டது. வழக்கமாக இங்கே ஒன்று கத்தினால் அங்கே ஒன்று பதில் கொடுக்கும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒரே இடத்திலிருந்து, விடாமல். போய்ப் பார்த்தால் வெள்வேல மரத்தடியில் ஒரு மூங்கில் கூண்டு, பாதிக்குச் சாக்கு போர்த்தியிருந்தது. உள்ளே பழக்கின கௌதாரி. கூண்டுக் குச்சியில் தேய்ந்து தேய்ந்து அலகின் மேல்பக்கம் தோல் உரிந்து சிவப்பாகக் கிடந்தது. கூண்டைச் சுற்றி நைலான் கண்ணி, ஒவ்வொன்றும் சின்ன முளைக்குச்சியில் கட்டி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொள்ளுக்கொடிக்குள்ளிருந்து ஒரு கௌதாரிச் சேவல் கழுத்தை நீட்டிக்கொண்டு நேராக அதை நோக்கி நடந்தது. சண்டைக்குத்தான். தன் இடத்தில் இன்னொரு சேவல் கத்துவதைப் பொறுக்காது அது. ஒரு மண்கட்டியை எடுத்து வீசினேன், பறந்துவிட்டது.

கிளுவை வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் எழுந்தார். பயமெல்லாம் இல்லை. "ஏனுங்க மண்ணை வீசறீங்க? தீனி போட்டுச் சேத்தி வெச்சது நீங்கதானுங்களே?" என்றார். கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டி, கூண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

கரிசல்மழை (கோவில்பட்டி)

அண்ணே, உங்களுக்காவது வெளியாள். எனக்குப் பக்கத்துப் புஞ்சை, சித்தப்பா முறை வேண்டும்.

கம்பும் நாட்டுச் சோளமும் போட்டிருந்தேன். முதலில் கிளி. அது தின்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு மணியைக் கடித்துவிட்டு மீதிக் கதிரைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கீழே விழுந்ததைப் பொறுக்க மயில் வந்தது. பொறுக்கி முடித்ததும் வரப்பைத் தாண்டிச் சித்தப்பாவின் உளுந்துக்குள் இறங்கிவிட்டது.

அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. கொத்திப் போட்ட உளுந்து நெற்றையெல்லாம் துண்டில் அள்ளிக்கொண்டு வந்து, என் வீட்டுத் திண்ணையில் விரித்து வைத்தார். பாதி நெற்றில் ஒருபக்கத் தோல் மட்டும் இருந்தது. "யய்யா, இதுக்கும் சேத்து நீயே வெதச்சிருக்கலாமே" என்றார். ஒரு மூட்டை உளுந்து வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன், வாங்கவில்லை. இப்போதும் பேசுவார். ஆனால் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பதில்லை.

தாளவாடிரோடு

மேலே இருக்கிற இரண்டும் சின்ன விஷயம், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடித்தால் யானை வரும், மரவள்ளி போட்டால் பன்றி வரும். யாரும் தீனி வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை. ராத்திரிக் காவலுக்குப் பரண் ஏறிக் கண் எரிகிற ஊர் இது.

இந்த ஊரில் வெளியூர்க்காரர் ஒருவர் நிலம் வாங்கி, மானுக்கு என்று காட்டோரம் ஒரு பட்டை நீளத்துக்கு ராகி, அவரை, தீவனச் சோளம் எல்லாம் கலந்து விதைத்தார். மான் வந்தது, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அப்புறம் ஒரு காலையில் எனக்குப் போன். போய்ப் பார்த்தேன், பட்டை முழுக்க மண் புரட்டிக் கிடக்கிறது. அவர் குனிந்து ஒரு குழியைக் காட்டி, "அண்ணா, இது மான் தோண்டினதுங்களா?" என்று கேட்டார். பன்றி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அவ்வளவு ஆசையாக இருந்தது அந்த முகம். அடுத்த ராத்திரி அதே பன்றிக் கூட்டம் கீழ்க்காட்டுக்காரரின் மரவள்ளியில்.

கொரங்காட்டான் அவர்களே, கண்ணி வைத்தவர் சொன்னது பாதி சரிதான். வரவழைக்கிறவர் ஒருவர், இழப்பு இன்னொருவருக்கு. மயில் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது முழுப் பாதுகாப்பு, விரட்டுவதற்கு மேல் விவசாயி என்ன செய்ய முடியும்? கரிசல்மழையின் சித்தப்பா காப்பி குடிக்காதது நியாயம்.

விதைப்பெட்டி

தாளவாடி அண்ணா, காட்டோரத்துக் கதையைக் கொண்டுவந்து கொரங்காட்டில் வைக்காதீர்கள். யானை வழியும் கிளுவை வேலிக்குள் இருக்கிற மேய்ச்சல் காடும் ஒன்றா? கரூர், தாராபுரம் பக்கமெல்லாம் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் கௌதாரியும் முயலும் சேர்ந்தே இருந்தவைதானே.

என் அனுபவம் சின்னது. கொள்ளு முளைத்து நாலு இலை விட்டிருந்தபோது, தண்டெல்லாம் கத்தியால் சீவினது போலச் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. பூச்சி என்று நினைத்து அக்கா மருந்தடிக்கக் கிளம்பிவிட்டாள். மறுநாள் விடியலில் முயலைக் காட்டினேன், நம்பவே இல்லை, மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான்.

இனி விதைப்பு பற்றி. கலந்து வைத்த பையிலிருந்து அப்படியே அள்ளி வீசாதீர்கள். தினையும் எள்ளும் அடியில் இறங்கிவிடும், தட்டைப்பயறு மேலே நிற்கும். முதல் பாதி நிலத்தில் பயறு, கடைசி மூலையில் எள் என்றுதான் முளைக்கும். பெரிய விதையை முதலில் வீசி லேசாக ஏர் ஓட்டுங்கள். பொடி விதையை உலர்ந்த மணலோடு கலந்து பிறகு வீசி, ஒரு முள்கொத்தை மேலே இழுத்துவிட்டால் போதும், ஆழம் போகக் கூடாது. மூடாமல் விட்டால் எறும்பு முந்திக்கொள்ளும்.

வேலிமசால், முயல்மசால் மாதிரித் தீவனப் பயிர் சேர்ப்பவர்கள் விதையைச் சும்மா போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். மேல்தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி நாலைந்து நிமிடம் விட்டால் 80 டிகிரி வாக்கில் இருக்கும். அதில் ஐந்து நிமிடம் விதையைப் போட்டு வடித்து, பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

மருந்து பூசி விதைநேர்த்தி செய்து சாயம் ஏற்றின விதையைப் பறவைக்கு என்று ஒதுக்கின நிலத்தில் வீசவே வீசாதீர்கள். மேலாகக் கிடக்கிற விதையைத்தான் கௌதாரி முதலில் பொறுக்கும். பூச்சிமருந்தும் வேண்டாம். குஞ்சுக்கு முதல் சில வாரம் தானியம் இல்லை, பூச்சிதான் தீனி. தட்டைப்பயறில் அசுவினிப் பூச்சி அடைந்தால் அடையட்டும்.

தீவனக் கடையில் கிடைக்கிற கோ எஃப் எஸ் 29 என்கிற தீவனச் சோள ரகத்தைக் கலப்பவர்கள் மாட்டைக் கட்டிப் போடுங்கள். பிஞ்சாகவும் மழையில்லாமல் வாடியும் இருக்கிற சோளத்தட்டில் சயனைடு சேரும். வேலி தாண்டிப் போய் வயிறு நிறையத் தின்ற மாடு சாயங்காலம் இருக்காது. பூத்த பிறகு பயம் குறைவு. அப்புறம் பட்டம், அதாவது விதைக்கிற பருவம், பற்றிச் சொல்ல வேண்டும் என்றால்

திருவாரூர்வண்டி

பட்டம் வேறா? விதைப்பெட்டி ஐயா, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இதற்கென்று நிலம் எதுவும் இல்லை. அறுவடையில் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவோம், குருவிக்கு. ஒருமுறை அப்பா புதுக் குஞ்சம் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்குவதற்குள், அவர் தலைக்கு மேலேயே ஒரு குருவி வந்து தொங்கியது. அவர் அசையாமல் நிற்கிறார், உமி அவர் முடியெல்லாம். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டும் பதிலே சொல்லவில்லை. சண்டைக்கு நடுவே இதையும் சொல்லிவைக்கிறேன்.

கரிசல்மழை

தாளவாடிக்காரரே, சித்தப்பா செய்தது நியாயமில்லை என்று நான் எங்கே எழுதினேன்? மூட்டையை வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும், அவருக்குக் கணக்குத் தீர்க்க விருப்பமில்லை. அதுதான் என் கஷ்டம். மயில் நான் விதைக்கிறதற்கு முன்னாலும் அந்தப் புஞ்சைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதை அவரும் அறிவார்.

கொரங்காட்டான்

விதைப்பெட்டி, நான் விதைப்பு பற்றிக் கேட்கவே இல்லையே. ஆனாலும் சாயவிதை பற்றிச் சொன்னது நல்லது, பக்கத்துக் காட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

தாளவாடி அண்ணா, பாதி சரி என்கிறீர்கள். கௌதாரி பிடிப்பது குற்றம், அதில் பாதி கிடையாது. ஆனால் கம்பு விதைக்காத வருடங்களில் அந்த ஆள் என் வேலியோரம் வந்ததில்லை, அதுவும் உண்மை. சந்தையில் ஒருமுறை எதிரே வந்தார், கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் கும்பிட்டேன், வேறென்ன செய்வது.

வரும் புரட்டாசிக்கும் விதைப்பேன். வண்டித்தடத்தை ஒட்டின மூலையில் இல்லை, களத்துக்கும் வீட்டுக்கும் நடுவில். யார் வந்தாலும் கண்ணில் படும். ஆனால் அங்கே இரண்டு நாய் கிடக்கும். நாய் இருக்கிற பக்கம் கௌதாரி வந்து மேயுமா என்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெந்நீர் பற்றி வேண்டாம்.